என் முகத்தைப் பார்த்து கோட் எழுதியவர்கள்

அன்று அந்த மேல்மாடி அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். மேசையில் லெப்டொப்புக்கு முன்னால் நிரோஷா என்ற பிள்ளை. சொஃப்ட்வெயார் எழுதுகிறவள், தம்புள்ளையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கையில் பென்சிலோடு லோஜினி மிஸ், என் மேலதிகாரி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரிஸ்வான், அன்று சோதிக்கப்பட்ட சாமானைச் செய்தவர். நாலாவது ஆள் நான். இரும்பு அலுமாரிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் கதிரையில், என் முகம் யாருக்கும் தெரியாதபடி உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தேன்.

நான் ஏன் அலுமாரிக்குப் பின்னால் போனேன் என்பதை எழுதித் தரும்படி கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டார்கள். இப்போது கோட்டில் பாதியைக் கம்ப்யூட்டரே எழுதுகிறதாம். நாங்கள் செய்யும் ஏபிஐ என்ற சாமான் பாவிக்க வசதியாக இருக்கிறதா என்று பார்க்கவும் அதையே முன்னால் இருத்துகிறார்களாம். "அதுக்கு மொகம் பார்க்கத் தெரியாது அண்ணே, உங்க பிரச்சினை இனி வராது" என்று ஒருவர் சொல்ல, பழைய ஆட்கள் சிரித்தார்கள், புதியவர்களுக்கு விளங்கவில்லை. சரி, எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். லோஜினி மிஸ் இதை வாசித்தால் பிழை பிடிப்பார். வாசிக்காவிட்டால் ஏன் வாசிக்கவில்லை என்று நான் யோசித்துக்கொண்டு கிடப்பேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடித்தேன், பிறகு லொறியில் கிளீனராகப் போனேன், பிறகு வேன் ஓட்டினேன். மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இந்த கம்பனி தொடங்கியபோது வேன் சாரதியாகச் சேர்ந்தேன். சோதனைக்கு வரும் ஆட்களை பஸ் ஸ்டேண்டிலிருந்து ஏற்றி வருவதும், மத்தியானம் சோத்துப் பார்சல் வாங்கி வருவதும் என் வேலை. சோதனையைக் கவனித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கட்டாருக்குப் போய்விட்டார். அடுத்த ஆள் யார் என்று லோஜினி மிஸ் திரும்பிப் பார்த்தபோது நான் பார்சலோடு கதவடியில் நின்றேன்.

"சூசை, உங்களால பேசாமல் இருக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

"ஏலும் மிஸ்" என்றேன்.

அது உண்மைதான். நான் பேசவே இல்லை. பேசியது வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

படிப்பித்தார்கள், படித்தேன். கோட் எழுத எனக்கு இன்றைக்கும் தெரியாது. எந்த வரி எதைக் கூப்பிடுகிறது என்று பார்த்தால் விளங்கும், அவ்வளவுதான்.

ஏபிஐ என்றால் தபால் கந்தோர் ஜன்னல் மாதிரி. உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்பது வெளியே நிற்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. சரியான முறையில் கேட்டால் காரியம் நடக்கும். ஜன்னலை ஒருவர் செய்வார், அதில் வந்து கேட்பவர் வேறு ஒரு சொஃப்ட்வெயார்காரர். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தடுமாற்றம் இல்லாமல் விளங்குகிறதா? அதைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. வெளியிலிருந்து ஒரு ஆளை அழைத்து, ஒரு தாளில் வேலையைக் கொடுத்து, "இந்த ஏபிஐயை வைத்துச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார், எந்தப் பக்கத்தை இரண்டாம் தரம் வாசிக்கிறார் என்று பார்த்துக் குறிக்க வேண்டும். உதவி செய்யக்கூடாது. அவர் "முடிஞ்சிருச்சு" என்று சொல்லும்வரை மிஸ்ஸைத் தவிர வேறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. மிஸ்ஸுக்கும் ஒரே ஒரு கேள்விதான் அனுமதி: "இப்ப என்ன நினைக்கிறீங்கள்?"

அந்தக் கேள்வி எங்கள் ஆட்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பது முறை. உக்குவளையிலிருந்து வந்த ஒரு தம்பி, "ஒண்ணும் நெனைக்கல்ல மிஸ், அம்மா சத்தியமா" என்று கையை எடுத்துவிட்டார். இன்னொருவர் கழுத்தில் டை கட்டி, சர்டிபிகேட் எல்லாம் ஃபைலில் போட்டுக்கொண்டு வந்தார். இது வேலைக்கான இன்டர்வியூ இல்லை என்று நான் வேனிலேயே சொன்னேன். அவர் நம்பவில்லை. கடைசிவரை "ரொம்ப அருமையா இருக்கு" என்று ஏபிஐயைப் புகழ்ந்துகொண்டே பிழையாக எழுதினார்.

செய்தவர் கேட்டால் மனம் நோகும் என்று குறை சொல்ல மாட்டார்கள். சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் கறிக்கு உப்பில்லை என்று யார் சொல்வார்? ஆகவே தொடங்கும்போதே மிஸ் சொல்லிவிடுவார், "இதைச் செய்தவர் இந்த அறையில இல்லை, பயப்படாமல் ஏசுங்கோ" என்று. மிஸ் பொய் சொல்லும் ஆள் இல்லை. ரிஸ்வான் அறையில் இல்லைதான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். பயம் தெளிந்தவர்கள் ஏசும்போது, அவர் அங்கே உட்கார்ந்து தன் பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

லோஜினி மிஸ்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூர்வீகம் யாழ்ப்பாணம். மாத்தளைக்குத் திருமணமாகி வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் பேச்சு மாறவில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் கூடக் கூட மரியாதை கூடும். சாதாரண நாளில் "சூசை" என்பார், பிழை விட்டால் "சூசை அண்ணன்" என்பார், பெரிய பிழை என்றால் "திரு. சூசைநாதன்". என் முழுப்பேரைக் கேட்டாலே நான் எழுந்து நின்றுவிடுவேன்.

யானை வேலை எங்களுக்கு வந்தது இப்படி. லக்கல, வில்கமுவ பக்கம் காட்டோரத்தில் காவல் இருப்பவர் யானையைக் கண்டால் ஃபோனில் ஒரு பொத்தானை அமுக்குவார். உடனே அந்த ஊரில் இருக்கும் எல்லா ஃபோனுக்கும் எச்சரிக்கை போக வேண்டும். பொத்தான் உள்ள ஆப்பை எழுதப் போவது கண்டியில் ஒரு குழு, பிறகு வேறு ஊர்க்காரர்களும் எழுதலாம். எச்சரிக்கையை அனுப்பும் ஏபிஐ எங்களுடையது, ரிஸ்வான் செய்தது.

பல்லேகமவிலிருந்து விவசாயச் சங்கச் செயலாளர் சோமபால மாத்தயா, நம் பேச்சில் சோமபால ஐயா, ஊராரின் நம்பர்களை எல்லாம் கொண்டுவந்து தந்தார். போன போகத்தில் யானை அவருடைய முன்னறைச் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுத்துக்கொண்டு போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் மகளும் பேரப்பிள்ளையும் படுத்திருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அமுக்கினால் வருமா என்று. ரிஸ்வான் வரும் என்றார். எனக்குத்தான் யோசனை. மனிதர் இவ்வளவு நம்பிவிட்டுப் போகிறாரே, வராவிட்டால்?

ஏபிஐயில் "டெஸ்ட்", "லைவ்" என்று இரண்டு விதம் இருந்தது. டெஸ்ட் என்றால் ஒத்திகை, எந்த ஃபோனுக்கும் போகாது. லைவ் என்றால் நிஜமாகவே போகும். எழுதுகிறவர் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் தானாக டெஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் வரும் பதில் ஒரே "ஓகே". யானை எச்சரிக்கை பொய்யாகப் போய்விடக்கூடாது என்றுதான் ரிஸ்வான் அப்படி வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் லைவ் போட மறந்தவர் "ஓகே"யைப் பார்த்துவிட்டு அனுப்பியாயிற்று என்று வீட்டுக்குப் போவார். பல்லேகமவில் ஒரு ஃபோனும் அடிக்காது.

யாராவது இதில் தடுக்கி விழுவார்களா என்று பார்க்கத்தான் சோதனை. ஆட்கள் வந்தார்கள், செய்தார்கள். ஒருவரும் விழவில்லை. எல்லோரும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, திரும்பப் போய், லைவ் என்று போட்டார்கள். ரிஸ்வான் கண்ணாடிக்கு அப்பால் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார். மிஸ் அறிக்கை எழுதத் தொடங்கினார். கண்டிக்காரர்கள் அறுவடைக்கு முந்தித் தாருங்கள் என்று நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ஆள் வந்த அன்று எனக்குப் பல்வலி. வலப்பக்கக் கீழ்த்தாடை. கராம்பு ஒன்றை வைத்துக் கடித்துக்கொண்டு வழக்கம்போல அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வத்தேகாமத்திலிருந்து வந்த பிரபு என்ற அமைதியான தம்பி. முதல் வரியைச் சரியாக எழுதினார். எனக்கு ஒரு குத்து குத்தியது. அவர் அந்த வரியை அழித்தார். வேறு மாதிரி எழுதினார். வலி கொஞ்சம் விட்டது, அவரும் மேலே போனார். ஊர்ப்பேரைப் போட்டார், சரியாகத்தான் போட்டார். மறுபடி குத்தியது. ஊர்ப்பேரை அழித்தார். பெரிய எழுத்தில் போட்டுப் பார்த்தார், சின்ன எழுத்தில் போட்டுப் பார்த்தார். பிறகு பல்லேகமவை விட்டுவிட்டு வில்கமுவவுக்குப் போய்விட்டார். எனக்கு வேர்த்தது. இவ்வளவு நாளும் எல்லோருக்கும் விளங்கிய ஏபிஐ இவருக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை என்று கவலைப்பட்டேன். கவலைப்படப் பட அவர் இன்னும் அழித்தார்.

மிஸ் தன் கேள்வியைக் கேட்டார். "இப்ப என்ன நினைக்கிறீங்கள்?"

பிரபு கீபோர்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு இது சரி வராது மிஸ். நான் என்னா எழுதினாலும் அண்ணனுக்குப் புடிக்குதில்ல."

நான் கராம்பை விழுங்கிவிட்டேன்.

மிஸ் அவருக்குச் சோத்துப் பார்சலைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு, முந்திய சோதனைகளின் வீடியோவை எடுத்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, வந்தவர்களின் கண்ணை மட்டும் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. லைவ் போடாமல் அனுப்பப் போகிற நேரம், கண் இடப்பக்கம் ஒரு தரம் போகிறது. அந்தப் பக்கம் நான். கண் திரும்பி வருகிறது. கை பின்னால் போகிறது. லைவ். டை கட்டி வந்தவர்கூட அந்த இடத்தில் மட்டும் என்னைப் பார்த்துத் திருந்தியிருந்தார். வீடியோவின் ஓரத்தில் நான் கதிரை நுனிக்கு வருகிறேன், வாயைத் திறக்கிறேன், ஒரு தரம் நெஞ்சில் சிலுவையும் போடுகிறேன். எனக்குத் தெரியவே தெரியாது.

திரு. சூசைநாதன் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சூசை" என்றார் மிஸ், "உங்கட முகம் நல்ல முகம். ஆனா அதைப் பெட்டியில போட்டு ஏபிஐயோட சேர்த்து அனுப்ப ஏலாது."

"நான் வேனுக்கே போறேன் மிஸ்."

"வேனில போற ஆக்கள் உங்கட முகத்தைப் பார்க்க மாட்டினமோ? இருங்கோ" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனரி அலுமாரியைத் தள்ள ஆள் கூப்பிட்டார்.

அப்படித்தான் நான் அலுமாரிக்குப் பின்னால் போனேன். வந்தவர் பார்க்கும் ஸ்கிரீனையே பார்க்க எனக்கு ஒரு மொனிட்டர் வைத்தார்கள். அங்கே நான் எப்படி வேண்டுமானாலும் நெளியலாம், கையைப் பிசையலாம், மாதாவைக் கூப்பிடலாம். புதிதாக ஆட்களை அழைத்து, சோதனை முழுவதையும் முதலிலிருந்து நடத்தினோம். வந்தவர்கள் எல்லோரும் லைவ் போட மறந்தார்கள். எல்லோரும். "ஓகே" வந்ததும் திருப்தியோடு "முடிஞ்சிருச்சு மிஸ்" என்று பார்சலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ரிஸ்வான் முதலில் சண்டை பிடித்தார். "டொக்கியுமென்ட்ல மூணாம் பக்கத்துல தெளிவா எழுதி இரிக்கி மிஸ். வாசிக்காதது அவங்கட பிழை தானே? அறுவடை வருது. இப்ப மாத்தச் சொன்னா எப்புடி?"

மிஸ் வாதாடவில்லை. வீடியோவைப் போட்டு அவரைத் தனியாகப் பார்க்க வைத்தார். ஒரு ஆள், இன்னொரு ஆள், இன்னொரு ஆள். முதல் ஆளுக்கு ரிஸ்வான் "இவனுக்கு வேலை தெரியாது" என்றார். அடுத்த ஆளுக்குக் கதிரையை ஸ்கிரீனுக்குக் கிட்ட இழுத்தார். அதற்கடுத்தவர் ஓகேயைப் பார்த்துச் சிரித்தபோது ரிஸ்வான் எழுந்து கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டார்.

போகும்போது, "பொய்யா ஒரு மெசேஜ் போனா அந்த மனுசன் அதுக்குப் பொறகு நம்புவாரா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

"நம்ப மாட்டார்தான்" என்றார் மிஸ். "ஆனா போகாமல் நிண்டால், நம்ப ஆளே இருக்காது. நீங்களாய் டெஸ்ட் எண்டு எடுக்காதேங்கோ. எழுதுறவரிட்டையே கேக்கிற மாதிரி வையுங்கோ."

ரிஸ்வான் மாற்றினார். டெஸ்ட்டா லைவ்வா என்று குறிப்பிடாவிட்டால் இனி வேலை செய்யாது, எது வேண்டும் என்று நிறுத்திக் கேட்கும். பதிலும் வெறும் ஓகே இல்லை. ஒத்திகையா நிஜமா, எந்த ஊர், எத்தனை ஃபோன் என்று சொல்லும்.

இனி நிரோஷா வந்த நாள். மாற்றியதைச் சோதிக்கும் நாள். மறுநாள் கண்டிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக ரிஸ்வான் காலையிலேயே, சோதனைக்கு இருந்த பொய் நம்பர்களை எடுத்துவிட்டு, பல்லேகமவின் உண்மையான நம்பர்களை இணைத்திருந்தார். நான் டீ கொண்டுபோனபோது அதைச் சொன்னார். ஆபத்தில்லையா என்று கேட்டேன். "நீங்க அலுமாரிக்குப் பின்னால போன பொறகு ஒருத்தராவது லைவ் போட்டாங்களா அண்ணே? இந்தப் புள்ளையும் டெஸ்ட்ன்னு தான் போடும்" என்றார். தோற்றுத் தோற்று அந்த மனிதருக்கு யாராவது லைவ் போடுவார்கள் என்ற நம்பிக்கையே போய்விட்டது. மிஸ்ஸிடம் சொல்லலாம் என்று திரும்பினால் நிரோஷா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள், மிஸ் பென்சிலை எடுத்துவிட்டார். சோதனை தொடங்கிவிட்டது. வாய் திறக்கக்கூடாது.

நிரோஷாவைப் போல வாய்விட்டு நினைக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. "இங்க ஊர்ப்பேரு கேக்குது, பல்லேகம போடுறேன். இங்க என்னா நடந்திச்சுன்னு கேக்குது, குளத்துப் பக்கம் யானைன்னு போடுறேன். ஆ, நிக்குது. டெஸ்ட்டா லைவ்வான்னு கேக்குது." தாளை எடுத்துப் பார்த்தாள். "பேப்பர்ல என்னா சொல்லுது? 'பல்லேகம மக்களுக்கு எச்சரிக்கை அனுப்புக.' ஒத்திகை பார்க்கச் சொல்லல்லியே. அனுப்பத் தானே சொல்றாங்க. அப்ப லைவ்."

அலுமாரிக்குப் பின்னால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கண்ணாடிக்கு அப்பால் ரிஸ்வான் முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோனில் கண்டிக்காரர்களோடு பேசுகிறார். நான் ஒரு இருமல் இருமினால் போதும், அந்தப் பிள்ளை சரியாகப் போட்டதை அழித்துவிடும். அழித்தால் ஏபிஐ மறுபடியும் தோற்றது என்று மிஸ் எழுதுவார். மறுபடி மாற்றம், மறுபடி சோதனை. அதற்குள் நெல் முற்றிவிடும், யானையும் வந்துவிடும். இருமாவிட்டால் நட்ட நடுப்பகலில் ஒரு ஊரே வயலை விட்டு ஓடும். கட்டளையா, ஊரா? ஏழு வருடமாக எனக்குப் பேசாதே என்று சொல்லித் தந்திருந்தார்கள். இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நிரோஷா அமுக்கினாள். "லைவ், பல்லேகம, எல்லா ஃபோனுக்கும் போயிருச்சுன்னு வருது. முடிஞ்சிருச்சு மிஸ்."

மிஸ்ஸின் முகம் மலர்ந்ததை நான் அலுமாரியின் ஓரத்தால் பார்த்தேன். இவ்வளவு பேரில் முதல்தடவை ஒருவர், யார் முகத்தையும் பார்க்காமல், தானாகவே வாசித்து, விளங்கி, சரியாகச் செய்திருந்தார். கை கொடுத்தார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ரிஸ்வானும் திரும்பிச் சிரித்தார். பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

கந்தோர் ஃபோன் அடித்தது. சோமபால மாத்தயா. அவருக்குப் பின்னால் படபடவென்று வெடிச்சத்தம், நாய்கள், தகரம் தட்டும் சத்தம். மனிதர் மூச்சு வாங்க மூச்சு வாங்கப் பேசினார். மெசேஜ் கிடைத்ததாம், எல்லோரும் குளத்தடிக்கு வந்துவிட்டார்களாம், யானையை விரட்ட வைத்திருந்த யானை வெடி எல்லாவற்றையும் போட்டாயிற்றாம், இன்னும் யானையைக் காணவில்லையாம், எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கேட்டார்.

மிஸ் சிங்களத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னார். யானை இல்லை, சோதனைக்கு வந்த ஒரு பிள்ளை அமுக்கியது, பிழை எங்களுடையது. அந்தப் பக்கம் கடைசியாக ஒரு வெடி, யாரோ அணைக்க மறந்தது, வெடித்தது. பிறகு மாத்தயா, அப்படியென்றால் அமுக்கினால் வருகிறதுதான் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். "உண்மையான நம்பர் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததோ, திரு. சூசைநாதன்?"

"தெரியும் மிஸ்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்க தானே மிஸ் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க."

பென்சிலை எடுத்தார். "அது சரி" என்றார். அறிக்கையில், கவனிப்பாளரின் குறுக்கீடு இருக்கவில்லை என்று எழுதினார். என் வேலைக்காலத்தில் என்னைப் பாராட்டி எழுதப்பட்டது அந்த ஒரு வரிதான்.

பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ரிஸ்வான் கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி உண்மையாகவே எச்சரிக்கை போனால் யார் நம்புவார்கள்? இவர்கள் மறுபடி விளையாடுகிறார்கள் என்று ஊர் படுத்துக்கிடந்தால்? அறுவடை நெருங்க நெருங்க நான் மெலிந்தேன். சோதனைக்கு இனி உண்மையான நம்பர்களை இணைக்கவே கூடாது என்று மிஸ் சட்டம் போட்டார். தாளிலும் ஒத்திகைக்கென்று ஒரு பொய் ஊர்ப்பேர் எழுதினார். அதெல்லாம் சரி, போனது போனதுதானே.

நெல் அடிக்கும் கிழமையில் ஒரு பின்னேரம் மறுபடி சோமபால மாத்தயா எடுத்தார். நான்தான் ஃபோனைத் தூக்கினேன். கேட்டது இதுதான்: "இது அந்தப் பிள்ளையா, யானையா?"

ஓடிப்போய் ரிஸ்வானைக் கேட்டேன். அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். காட்டோரக் காவல்காரர் அமுக்கியது, கண்டி ஆப், லைவ். "யானை அண்ணே" என்றார். "யானை மாத்தயா, நிசமான யானை" என்று நான் கத்தினேன். அதற்குப் பிறகு ஃபோனை வைக்கவும் முடியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் நின்றேன்.

இரண்டு யானையாம். குளத்துக்கட்டால் இறங்கியவை வெடிச்சத்தத்தில் காட்டுக்கே திரும்பிவிட்டன. மூட்டை தப்பியது, சுவர் தப்பியது, மகளும் பேரப்பிள்ளையும் அடுத்த வீட்டு மேல்தட்டில் இருந்து வேடிக்கை பார்த்தார்களாம். மாத்தயா மறுநாள் இதை எல்லாம் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னார். ஊரில் இருந்த வெடி எல்லாம் அந்தப் பிள்ளை அமுக்கிய அன்றே தீர்ந்துவிட்டதால், இந்த யானைகளுக்குப் போட்ட வெடி கடையில் எங்கள் கம்பனியின் பேரில் கடனாக எடுத்ததாம்.

பில் வந்தது. இது சோதனைச் செலவு என்று ரிஸ்வான் சொன்னார். நம்பரை இணைத்த செலவு என்று மிஸ் சொன்னார். யானை வெடி என்று தன்னிடம் ஒரு தலைப்பே இல்லை என்று கணக்காளர் சொன்னார். ஒவ்வொரு அறுவடைக்கும் மாத்தயா ஃபோன் எடுப்பார். யானை வந்ததா, எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லுவார், கோபமே இல்லாமல் பில்லையும் ஞாபகப்படுத்துவார். நான் ரிட்டையர் ஆகும்போது அதை லோஜினி மிஸ்ஸின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். போன கிழமை விசாரித்தேன், அங்கேதான் இருக்கிறதாம். பல்லேகமவுக்கு நாங்கள் இன்னும் கொடுக்க வேண்டியது பதினேழாயிரத்து நானூறு ரூபா.